பலகையின் நடுவில் இருந்த சொல்

காரைக்குடி
6-3-1972

மகன் வீரையாவுக்கு உன் அய்யா கருத்தையா எழுதுவது.

நலம் விசாரிப்பது பின்னால் வரும். முதலில் நீ செய்த குற்றத்தை எழுதிவிடுகிறேன். ஏழு வருடங்களுக்கு முன்பு, இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த மாதத்தில், நான் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்த நாள் பார்த்து, நீயும் உன் கூட்டாளி சோணையும் ஏணி வைத்து ஏறி என் இரும்புக்கடைப் பலகையில் தார் பூசினீர்கள். இது முதல் குற்றம். எந்தச் சொல்லை அழிக்க வந்தீர்களோ அதை விட்டுவிட்டு வேறொரு சொல்லின் மேல் பூசினீர்கள். இது இரண்டாவது. முதலாவதை நான் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

இரண்டாவது குற்றம் உனக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. இப்போது நீ பிலாய் உருக்காலையில் வேலை பார்க்கிறாய். இரும்புக்கு இந்தியில் லோஹா. காலையில் எழுந்தால் லோஹா, படுத்தால் லோஹா. அந்த எழுத்தை நீ படிக்கப் பழகிவிட்டாய் என்று உன் ஆத்தாளுக்கு எழுதியிருந்தாய். அதனால் சொல்கிறேன். நம் கடைக்கு வந்து நிமிர்ந்து பார். லோஹா அப்படியே இருக்கிறது. கொடியில் காயப்போட்ட துணி போல மேலே ஒரு கோடு, கீழே தொங்கும் எழுத்து. ஒரு சொட்டுத் தார் அதன் மேல் படவில்லை. நீங்கள் பூசியது பர்மியச் சொல்லின் மேல்.

மதுரையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோதே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுநாளே தார்ச்சட்டியோடு வந்து மிச்சத்தையும் முடித்திருப்பீர்கள். ஆகையால் வாயை மூடிக்கொண்டேன். உன்னோடு பேச்சை நிறுத்தியதற்குப் பாதிக் காரணம் கோபம். மீதிப் பாதி, பேச ஆரம்பித்தால் இது என் வாயிலிருந்து வந்துவிடும் என்பது.

அந்த வருடம் நம் கடை வாசலில் ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து பேச வந்தவர் பலகையிலிருந்த தாரைக் காட்டி, "வீட்டுக்கு ஒரு மகன் இப்படி வேண்டாமா!" என்று முழங்கினார். ஊரே கைதட்டியது. அவர் தலைக்கு நேர் மேலே லோஹா. அந்தக் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அடகுக்கடை சேட்டு ஒருவர்தான். மறுநாள் அவர் பூட்டு வாங்க வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விலை பேசாமல் பூட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்.

நான் இந்திக்கு ஆள் இல்லை. ஒரு மொழியை அதிகாரத்தால் என் தொண்டையில் இறக்க வந்தால் நானும் துப்புவேன். நீங்கள் ஊர்வலம் போனபோது நான் தடுத்தேனா? ஸ்டேஷன் பலகையில் இருந்தது சர்க்கார் கொண்டுவந்து மாட்டியது. என் பலகையில் இருந்தது நான் கேட்டு வாங்கியது. இரண்டும் ஒன்றல்ல. பர்மாவில், பெகு ஸ்டேஷனில் தண்டவாளம் சரிபார்க்கிற ராம்தனி என்கிற ஆள், மதியச் சோற்றைத் தின்றுகொண்டே எனக்குச் சொல்லிக்கொடுத்த சொல் அது. நம் "உலோகம்" என்ற சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார், உள்ளே லோஹா உட்கார்ந்திருக்கும். அதை எந்தத் தாரை வைத்து அழிப்பாய்?

அந்தப் பலகையைப் பற்றி உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். தெரிந்தவன் தார் பூசமாட்டான். ஆகவே எழுதுகிறேன்.

அது பலகையே அல்ல, ஒரு பெட்டியின் மூடி. நான் சிறு வயதில் ஒரு செட்டியார் கடைக்குச் சமையலாளாகப் பர்மாவுக்குப் போனவன். அடுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பெகு சந்தையில் மா சேன் என்கிற அம்மாள் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி, கீல், தாழ்ப்பாள், கடப்பாரை எல்லாம் கிடைக்கும். அந்த ஊரில் சந்தைக் கடைகளைப் பெண்கள்தான் நடத்துவார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஆணி எந்த மரத்தில் இறங்கும், எது வளையும் என்று கையில் வைத்துப் பார்த்துச் சொல்ல அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். எழுத்தைத் தவிர மற்றது எல்லாம் கற்றேன். பர்மிய எழுத்து எனக்கு இன்றுவரை வராது. தமிழும் இங்கிலீஷும் ஆணி பொட்டலம் கட்டுகிற காகிதத்தில் படித்துப் படித்து நானாகப் பழகியவை.

1940இல் என் அய்யா, கல்யாணத்திற்குப் புறப்பட்டு வா என்று தந்தி அடித்தார். மா சேன் ஒரு தேக்குப் பெட்டியில் நல்ல சரக்காகப் பொறுக்கிப் போட்டு, "ஊரில் கடை வைத்துக்கொள்" என்று கொடுத்தார். ரங்கூன் துறைமுகத்தில் சுமக்கிறவர்கள் கனம் தெரியாமல் காலில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மூடியின் நடுவில் கறுப்பு அரக்குச் சாயத்தால் தன் கையாலேயே எழுதினார். அந்தச் சொல்லை "தான்" என்று படிக்க வேண்டும். பல்லுக்கு நடுவே நாக்கை வைத்துச் சொல்ல வேண்டும். இரும்பு என்று அர்த்தம். காந்தத்திற்கு அவர்கள் தான்லைக் என்பார்கள். லைக் என்றால் பின்னால் போவது. கல்யாணம் முடித்துத் திரும்புகிறேன் என்று நான் சொல்லி வந்தேன். அதற்குள் சண்டை வந்து கடலை அடைத்துவிட்டது. அவ்வளவுதான் அதன் கதை.

இங்கே கடை வைத்தபோது அந்த மூடியையே பலகையாக மாட்டினேன். மா சேன் எழுதியது நடுவில். மற்றவற்றை அதைச் சுற்றிப் பெயிண்டர் இருளாண்டி எழுதினான். மேலே நம் இரும்பு. அதற்குப் பக்கத்தில் தெலுங்கு இனுமு. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர்கள் சொன்னது; அதை வாயில் போட்டுப் பார்த்தாலே நம் இரும்புக்கு உடன்பிறப்பு என்று தெரிந்துவிடும், அதற்குப் பண்டிதர் தேவையில்லை. மலாய்க்காரனின் பெசி, பினாங்கிலிருந்து திரும்பிய மானகிரிக்காரர் கொண்டுவந்தது. சீனத் தச்சனின் தித். இங்கிலீஷ், மரப்பெட்டிகளின் மேலேயே அச்சடித்து வரும். அப்புறம் லோஹா. ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. காலில் விழுந்தால் எல்லா ஊர்க்காரனும் ஒரே மாதிரிதான் கத்துகிறான். இரும்பு விற்கிறவன் இரும்பின் பெயரையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது என்ன தவறு? பலகையைப் பார்த்துச் சிரித்தவர்களும் உள்ளே வந்து சரக்கு வாங்கினார்கள்.

இனி ஊர்ச் செய்தி. நம் கடைக்கட்டிடம் சொந்தக்காரர் வீட்டுப் பாகப்பிரிவினையில் வேறு கைக்குப் போகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டேன். கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த இரும்பு உத்திரத்தை மேலே ஏற்றியிருக்கிறேன், யானை ஏறினாலும் அசையாது. வைகாசியில் திறப்பு. உன் அக்காள் முத்தழகு சுகம். அவள் புருஷன் தங்கச்சாமிதான் கடையில் எனக்குக் கை. நல்ல பிள்ளை, ஆனால் புதுக்கடைக்குப் புதுத் தகரப் பலகை, அதில் "ஹார்டுவேர்ஸ்" என்று நீலத்தில் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் இரண்டு காலிலும் நிற்கிறேன். பழைய பலகைதான் ஏறும். உன் ஆத்தாளுக்கு முழங்கால் வலி. வைத்தியர் சொன்ன எண்ணெயைத் தேய்க்காமல் புட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

உன் கல்யாணத்தில் உனக்குத் திருநீறு பூசினேன், பேசவில்லை. உன் மகன் அழகியின் தாய்வீடான பள்ளத்தூரில் பிறந்தபோது உன் ஆத்தா போய்ப் பார்த்தாள், நான் போகவில்லை. அவனுக்கு என் அய்யா பெயரை, சின்னக்கருப்பு என்று வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்காக நான் இறங்கி வருவேன் என்று எண்ணியிருந்தால், இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றே. வைகாசிக்கு முன் நீ வர வேண்டும். சீமெண்ணெயில் துணியை நனைத்து, தாரை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அடியில் இருக்கிற சாயம் கலையாமல், நீயே துடைக்க வேண்டும். பூசிய கைதான் துடைக்க வேண்டும். பெயிண்டரை அனுப்புகிறேன், செலவை ஏற்கிறேன் என்று எழுதாதே. பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை யாரிடம் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது அது அல்ல.

நீயும் அழகியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இது கோபத்தோடு எழுதினாலும் உண்மையாக எழுதியது.

இப்படிக்கு,
சி. கருத்தையா


காரைக்குடி
24-4-1972

மகன் வீரையாவுக்கு உன் அய்யா எழுதுவது.

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் அந்தச் சொல் இப்போது இல்லை. தாரும் இல்லை. இரண்டையும் உன் மச்சான் தங்கச்சாமி சேர்த்தே எடுத்துவிட்டார்.

பங்குனி கடைசியில் பலகையைக் கழற்றிப் புதுக்கடையில் சாத்தி வைத்திருந்தேன். நான் பெர்மிட் விஷயமாகச் சிவகங்கை போய்வந்த ஒரு நாள்தான். இந்தக் குடும்பத்தில் நான் ஊரில் இல்லாத நாள் பார்த்தே என் பலகையில் கைவைக்கிறார்கள். அப்பனும் மகனும் இந்தத் தாருக்காகத்தானே முகம் கொடுக்காமல் இருக்கிறார்கள், அதை எடுத்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று அவர் கணக்கு. சீமெண்ணெய் ஊற்றினார். போகவில்லை. கம்பி பிரஷ் போட்டார். அதற்கும் போகாத மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்தார். நான் வந்தபோது வியர்வை வழிய நின்றுகொண்டு, "பாருங்க மாமா, பளிச்சுன்னு ஆக்கிட்டேன்" என்றார். ஆமாம், பளிச்சென்றுதான் இருந்தது. நடுவில் அன்றைக்கு அறுத்த தேக்கு மாதிரி வெறும் மரம். சுற்றியுள்ள ஆறு சொற்களும் அந்த வெறுமையை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தன.

நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் அக்காள் குடித்தனத்தில் எதிரொலிக்கும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பலகையையும் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

அன்று தபாலில் உன் பதில் இருந்தது.

நீ எழுதியிருப்பதைத் திரும்பவும் இங்கே எழுதுகிறேன், நான் சரியாகப் படித்தேன் என்று உனக்குத் தெரியட்டும். ஏணியில் ஏறி நின்றபோது எது இந்தி என்று உனக்கும் தெரியவில்லை, சோணைக்கும் தெரியவில்லை. ஆத்தா கடை வாசலில் நின்றாள். "ஆத்தா, இதுல எது இந்தி?" என்று கேட்டாய். அவள் கையை நீட்டி நடுவில் இருந்ததைக் காட்டினாள். "நடுவுல பொட்டு வச்சு ஒக்காந்துருக்கு பாரு, அதான்" என்றாள். நீ பூசினாய். ஆத்தா எழுதப் படிக்கத் தெரியாதவள், ஏதோ தெரியாமல் காட்டிவிட்டாள், அவளை ஒன்றும் கேட்க வேண்டாம் என்று முடித்திருக்கிறாய். இத்தனை நாள் இதைச் சொல்லாமல் பழியை நீயே சுமந்ததும் அதற்காகத்தான் என்று தெரிகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. படித்துவிட்டேன்.

கேட்க வேண்டாம் என்றாய். கேட்டேன்.

உன் ஆத்தா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பலகையை எதிரே சாத்தி வைத்துவிட்டு, "மீனா, அன்னைக்கு வீரையாவுக்கு நீ காட்டிக்குடுத்தது எது இந்தின்னு தெரியாமலா, தெரிஞ்சா?" என்றேன். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "தெரிஞ்சுதான்" என்றாள்.

"இந்தி எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"அது எதா இருந்தா எனக்கென்ன? இது எதுன்னு தெரியும்."

நான் ஏன் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுருக்கினால் நான் சுருக்கினேன் என்று ஆகிவிடும்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அது அங்கன இருக்கு. இருந்துட்டுப் போகுதுன்னு விட்டேன். ஒரு பொட்டி மூடியோட எவளாச்சும் சண்டை போடுவாளா? பொறகு பர்மாவுலேருந்து அகதின்னு சனம் வந்து எறங்குச்சு. பாவம், குடிசை போட ஆணி வாங்க வந்தாக. நீக ஆணியத் தராசுல போடுறதுக்கு முன்னாடி, 'பெகு சந்தையில மா சேன்னு ஒரு அம்மா, தெரியுமா'ன்னு கேட்டீக. ஒருத்தரையா கேட்டீக? வந்தவுக போனவுக எல்லாத்தையும் கேட்டீக. நான் சோத்து வாளியோட பின்னாடி நிக்கிறேன். தெரியாதுன்னு அவுக சொல்லச் சொல்ல ஒங்க மொகம் விழுந்துச்சு. அந்த மொகத்த நான் பாத்தேன். மறு மாசம் புள்ளைக தாரோட வந்தாக, எதுன்னு கேட்டாக. காட்டுனேன். இப்ப என்ன?"

நான் அவளுக்கு மா சேன் யார் என்று சொன்னேன். கடை முதலாளி, தொழில் கற்றுக்கொடுத்தவர், அதற்கு நன்றி காட்டுவது மனிதக் கடமை என்று விளக்கமாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா?" என்றாள்.

நீயும் உன் கடிதத்தில் அந்த அம்மாள் யார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். சென்ற கடிதத்தில் எழுதியதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வியும் அல்ல.

அன்று இரவுச் சாப்பாடு எனக்கு வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை பர்மாக் காலனிக்குப் போய், அங்கே தையல்கடை வைத்திருக்கிற மெய்யநாதனிடம் சொல்லி அந்தச் சொல்லை எழுதி வாங்கி வந்தேன். அழகாகத்தான் எழுதினார். அச்சடித்த மாதிரி. அதைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரும்பு என்று படிக்கலாம், அவ்வளவுதான். மா சேனின் எழுத்து எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வட்டம் பெரிதா, பொட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. தினமும் அதன் கீழே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவன் நான். தலைக்கு மேலே இருந்ததை நிமிர்ந்தா பார்த்தேன்? தார் ஏறிய பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

உன் ஆத்தா உள்ளே வந்தாள். அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். "இது இல்ல" என்றாள்.

எது இல்லை என்றேன். "அது இப்படி நெட்டுக்குத்தா நிக்காது. மொத வட்டம் சின்னது, ரெண்டாவது கொஞ்சம் சுண்ணாம்புச் சம்புடம் மாதிரி வாயத் தொறந்து கெடக்கும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும். மேல பொட்டு நடுவுல இருக்காது, அங்குட்டு ஒதுங்கி நிக்கும்." சொல்லிக்கொண்டே வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, என் காலுக்குப் பக்கத்தில் கறுப்புக் கல் தரையில் எழுதினாள்.

வீரையா, அது அதேதான். நான் இன்னொரு முறை சொல்கிறேன், நீ அங்கே இருந்துகொண்டு சந்தேகப்படக் கூடாது. பெட்டியை மூடி, குனிந்து, அரக்குச் சாயத்தில் விரலைத் தோய்த்து எழுதினாரே, அதே எழுத்து. முதல் வட்டத்தை முடிக்கும் இடத்தில் ஒரு சிறு வால் நீளும், அது உட்பட. தன் பெயரை எழுதத் தெரியாமல் ரேகை வைக்கிறவள் எழுதினாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எதிராளி வீட்டு வாசல் எப்பிடி இருக்கும்னு எவளுக்குத் தெரியாது? இருவது வருசத்துக்கும் மேல தெனம் பாத்துருக்கேன். கண்ண மூடிக்கிட்டு எழுதச் சொல்லுங்க, எழுதுறேன்" என்றாள். உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இன்னொன்று எழுதினாள். அதுவும் அதேதான்.

சுண்ணாம்பு காய்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் போட்டு வைத்த சோற்றைச் சாப்பிட்டேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாயா என்று கேட்டேன். "இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். ஆனால் அன்று தேய்த்தாள்.

பலகையில் எழுதித் தருவாயா என்று மறுநாள் கேட்டேன். முதலாளி வேலையாளிடம் கேட்பது போலத்தான் கேட்டேன். எனக்கு வேறு மாதிரி கேட்க வராது. அவள் யோசித்துவிட்டு, "எழுதுறேன். ஆனா நான் சொல்றத நீக மொதல்ல எழுதுங்க" என்றாள். ஆகவே இனி வருவது அவள் சொல்ல நான் எழுதுவது. எல்லாவற்றுக்கும் எனக்குச் சம்மதம் என்று சேர்த்து எழுதச் சொன்னாள். அதை எழுதவில்லை. ஆனால் எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

நீ பத்து நாளாவது லீவு போட்டு, அழகியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வைகாசி பிறந்தவுடன் புறப்பட வேண்டும். நேரே பள்ளத்தூருக்குப் போகக் கூடாது. முதலில் இங்கே இறங்க வேண்டும். வழியில் பிள்ளைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. இது அழகி பார்க்க வேண்டியது.

தங்கச்சாமி இனிமேல் பலகையைத் தொடக் கூடாது. புதுக்கடையில் இரும்பு உத்திரத்தின் கீழே அதைத் தாங்குகிற கொக்கியை மட்டும் அவர் அடிக்கலாம். "ஹார்டுவேர்ஸ்" என்று நீலத்தில் ஒரு சிறிய தகரம் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளவும் அவருக்கு அனுமதி. இதை உன் ஆத்தா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

இருளாண்டிக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. ஆனாலும் அவனே வர வேண்டும். உன் ஆத்தா சுண்ணாம்பால் எழுதிய கோட்டின் மேலேயே கறுப்பு ஏற்ற வேண்டும். அழகு செய்கிறேன் என்று வட்டத்தை நிமிர்த்தினால் கூலி கிடையாது. இது மட்டும் நான் சேர்த்தது.

லோஹாவை நீ படித்துப் பார்த்து, எழுத்துச் சரியா என்று சொல்ல வேண்டும். ராம்தனி மணலில் எழுதிக் காட்டியதை நான் பார்த்து வைத்து, நான் சொல்லி இருளாண்டி எழுதியது. பிழை இருந்தால் திருத்து. இல்லாவிட்டால் விட்டுவிடு. சோணையும் வந்து பார்க்கட்டும், இப்போது அவன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. இத்தனை வருடம் தான் பெரிய காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உன் ஆத்தா இரண்டு வட்டங்களையும் எழுதி வைப்பாள். மேலே இருக்கிற பொட்டை வைக்கமாட்டாளாம். பொட்டு இல்லாவிட்டால் அது இரும்பு ஆகாது, வெறும் வட்டம் என்று நான் எடுத்துச் சொன்னேன். "தெரியும். அத அழிச்சவன் வந்து வைக்கட்டும், எந்தப் பக்கம்னு நான் காட்டுறேன். இந்தத் தடவ சரியாக் காட்டுறேன்" என்றாள். ஆகவே பொட்டு நீ வைக்க வேண்டியது.

ரயிலடிக்கு நான் வர வேண்டுமாம். தங்கச்சாமியை அனுப்பக் கூடாதாம். ரயில் நின்றதும் முதலில் நான்தான் பேச வேண்டும் என்பது அவள் கட்டளை. என்ன பேசுவது என்று சொல்லவில்லை, கேட்டதற்கு அதையும் நானேவா சொல்ல வேண்டும் என்றாள். நீ வருகிற நாளை எழுது. சின்னக்கருப்பை என் கையில் கொடுத்துவிட்டு நீ சாமான்களை இறக்க வேண்டும். நான் என்ன பேச வேண்டுமோ அதை அதற்குள் யோசித்து வைக்கிறேன்.

மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேருங்கள்.

உன் அய்யா,
கருத்தையா